தூளியைத் தோளில் மாட்டாதீர்கள்: ஸ்லிங்கில் பிள்ளை சுமப்போர் செய்யும் தவறுகள்

முதல் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தபோது இணையத்தில் வாங்கிய ஸ்லிங் வந்து சேர்ந்தது. பை போலத் தைத்த துணி. ஒரு தோளில் மாட்டிக் குறுக்காகத் தொங்கவிட்டு, அதற்குள் பிள்ளையைப் படுக்க வைப்பது போல அட்டையில் படம் போட்டிருந்தார்கள். அப்படியே செய்தேன். பிள்ளை உள்ளே அமிழ்ந்து இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனாள். இரண்டு கையும் சும்மா இருக்கும் பெருமையோடு வாசலுக்கு வந்தேன். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாச்சி பாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளைக்கு முகம் எங்கே?"

துணியை விலக்கிப் பார்த்தேன். தாடை நெஞ்சில் முட்டியிருந்தது. மூக்கு துணியை ஒட்டியிருந்தது. அள்ளித் தோளில் போட்டதும் பெருமூச்சு ஒன்று விட்டாள். அம்மாச்சி அதோடு விடவில்லை. "தூளி என்றால் விட்டத்தில் கட்டு. தூக்குவது என்றால் ஒக்கலில் தூக்கு. இதென்ன இரண்டும் கெட்டான்?"

ஸ்லிங்கைப் பற்றி நான் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டதில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தூளி நம் கைக்குப் பழகிய பொருள். அதனால் தோளில் மாட்டும் துணியையும் நடமாடும் தூளி என்றே நினைத்துக்கொள்கிறோம்: தளர்வாக விடுகிறோம், உள்ளே படுக்க வைக்கிறோம், முந்தானையால் மூடுகிறோம், தூங்கிவிட்டால் மறந்துவிடுகிறோம். ஸ்லிங் செய்ய வேண்டியது தூளியின் வேலையை அல்ல, ஒக்கலின் வேலையை. இடுப்பில் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும்? நிமிர்ந்து, உடம்போடு ஒட்டி, கால் இரண்டையும் அகட்டி, முகம் வெளியே தெரியும்படி. நம் கை செய்யும் அதே தாங்கலைத் துணி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

(தூளி முழுக்க ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. வளர்ந்த பிள்ளைகள் தூளிச் சேலையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளை நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அது தனிக் கதை.)

தாடையும் மூக்கும்

மற்ற எல்லாத் தவறுகளையும் விட இது பெரியது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பச்சைப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்துக்கோ பலம் கிடையாது. மூச்சுக்குழாய் மெல்லியது, வளையக்கூடியது. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படிந்தால், தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தது போலக் காற்றுப் பாதை ஒடுங்கிவிடும். பெரியவர்கள் திணறுவோம், தலையைத் தூக்குவோம். அந்தப் பிள்ளையால் தூக்க முடியாது, அழவும் மூச்சு போதாது. பார்ப்பவருக்கு அது ஆழ்ந்த தூக்கமாகவே தெரியும்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் இவற்றோடு தொடர்புடைய 14 மரணங்களையாவது கண்டறிந்ததாகவும், அவற்றில் 12 பிள்ளைகள் நான்கு மாதம் நிரம்பாதவர்கள் என்றும் அதில் சொல்லியிருந்தது. துணி மூக்கையும் வாயையும் அழுத்தினால் ஓரிரு நிமிடம் போதும். நான் வாங்கியது போன்ற ஆழமான பை வகைதான் இதில் மோசம். பிள்ளை அதற்குள் வில்லாக வளைந்து கிடக்கும்.

எனவே நான்கு மாதம் வரை நிமிர்ந்த நிலையே நல்லது. பிள்ளையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே உங்கள் இரண்டு விரல் படுத்தவாக்கில் நுழைய வேண்டும். கழுத்தை லேசாகத் தாழ்த்தினால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும். அதற்கு எக்கிக் குனிய வேண்டியிருந்தால் பிள்ளை மிகத் தாழ்வாக இருக்கிறது. முகம் எந்த நேரமும் உங்கள் கண்ணில் பட வேண்டும். ஸ்லிங்கில் வைத்தே பால் கொடுப்பவர்கள் உண்டு, ஆனால் குடித்து முடித்த பிள்ளையை அப்படியே படுக்கையாக விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவது தவறு. முடித்ததும் தூக்கி நிமிர்த்திவிடுங்கள்.

அடுத்து முந்தானை. வெயில், தூசி, திருஷ்டி என்று நம் ஊரில் முகத்தை மூட மூன்று காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். எங்கள் மதுரையின் பெரியார் பஸ் நிலையத்துக்குள் பிள்ளையோடு நுழையும் யாருக்கும் கை தானாக முந்தானைக்குத்தான் போகும். எனக்கும் போயிருக்கிறது. குடை பிடியுங்கள், நிழலில் நில்லுங்கள், திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வையுங்கள், முகத்தை மட்டும் மூடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். நனைந்த துணி காற்றை விடாது, முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டத்துக்குள் ஸ்லிங்கில் கைக்குழந்தையோடு போவதே சரியல்ல என்பது என் கருத்து. வீட்டில் ஒருவர் பிள்ளையோடு இருந்துகொள்ளட்டும். அழகர் அடுத்த ஆண்டும் வருவார்.

"பிள்ளைக்கு இறுக்குமே!"

ஸ்லிங் கட்டிய மருமகளைப் பார்த்து எந்த அத்தையும் முதலில் சொல்வது இதுதான். அவர் மனம் கோணக் கூடாதே என்று துணியைத் தளர்த்துவோம். தளர்ந்த துணியில் பிள்ளை சறுக்கி, முதுகு கூன் போட்டு, தாடை மறுபடியும் நெஞ்சுக்குப் போய்விடும். உங்கள் மார்போடு அணைத்துப் பிடித்தால் எவ்வளவு இறுக்கம் இருக்குமோ அவ்வளவு இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு லேசாக முன்னால் சாயுங்கள். பிள்ளை உங்கள் உடம்பைவிட்டு விலகித் தொங்கினால் துணி தளர்வு. அதை அத்தைக்கும் செய்து காட்டிவிடுங்கள். வாதாடுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

நெஞ்சோடு ஒட்டி இருக்கும்போது நடுவில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது பிள்ளையின் கன்னத்துக்கு நேராகத்தான் தொங்கும். முந்தானைக்குத் தோளில் குத்தியிருக்கும் ஊக்கும் அப்படியே. கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஊக்குகளைக் கழற்றிவிட்டுத் துணியை எடுங்கள். பிள்ளையின் இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாணும் துணியின் அழுத்தத்தில் தோலில் பதிந்துவிடும்.

கால்கள்

பிறந்த பிள்ளையின் இடுப்பு மூட்டு இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் நன்றாகப் பொருந்தி வளர வேண்டிய பருவம் அது. கால்களை நேராக நீட்டி இறுக்குவதும், தொங்க விடுவதும் அந்த மூட்டுக்கு ஆகாது. பிட்டத்தைவிட முழங்கால் சற்று உயரமாக, தவளை உட்கார்ந்தது போல இருக்க வேண்டும். துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை தாங்க வேண்டும்.

விழாக்காலக் கடைகளில் தொங்கும் மலிவான 'கங்காரு பை'களைப் பாருங்கள். கவட்டைக்கு நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். பிள்ளையின் எடை முழுவதும் அதில் நிற்கும், கால்கள் பொம்மலாட்டப் பொம்மையுடையது போல ஆடும். அதோடு முகத்தை வெளிப்பக்கம் பார்க்க வைத்து நடப்பது ஒரு மோகம். பிள்ளை வேடிக்கை பார்க்குமாம்! ஆறு மாதம் வரை உங்களைப் பார்த்தபடி இருப்பதுதான் இடுப்புக்கும் கழுத்துக்கும் நல்லது. அதன் பிறகும் வெளியே பார்க்க வைத்தால் கொஞ்ச நேரம் மட்டும். கண் சொருகியதும் திருப்பிவிடுங்கள்.

கங்காரு என்ற பெயரால் இன்னொரு குழப்பமும் வருகிறது. மருத்துவமனையில் எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கங்காரு பராமரிப்பு வேறு. அது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை. உடுப்பில்லாமல் தோலோடு தோலாக, தாயின் மார்புகளுக்கு நடுவே, நிமிர்த்தி வைப்பார்கள். செவிலியர் பார்த்துச் சொல்லித்தர வேண்டிய சிகிச்சை அது. அந்தப் பழக்கத்தில் கடையில் வாங்கிய கேரியருக்குள் (பிள்ளை சுமக்கும் பை) 2 கிலோ பிள்ளையை வைத்துவிடக் கூடாது. பல கேரியர்களுக்குக் குறைந்தபட்ச எடையே சுமார் 3.5 கிலோ. நம் ஊரில் நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளே பல 2.5, 3 கிலோதான் இருக்கும். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச வாரம் காத்திருந்தால் குடி ஒன்றும் மூழ்காது. குறைமாதப் பிள்ளை, சளியில் மூச்சு அடைத்திருக்கும் பிள்ளை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் கட்ட வேண்டாம்.

எந்தத் துணி, எந்த வளையம்

வீட்டுச் சேலையிலேயே கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழகியவர்கள் கட்டுகிறார்கள். ஆனால் பாலியெஸ்டர் சேலையில் முடிச்சு நழுவும், பருத்தியில்தான் நிற்கும். சுங்குடி மெத்தென்று இருக்கும், வெயிலுக்கும் இதம். இருந்தாலும் புதுச் சுங்குடியை அப்படியே எடுக்காதீர்கள். கஞ்சியும் ஒட்டாத சாயமும் போகத் தண்ணீரில் ஊற வைத்து நாலைந்து முறை அலசுங்கள். பிள்ளை துணியின் ஓரத்தைச் சப்பாமல் இருக்காது. பழைய சேலை இன்னும் மென்மை என்று எடுத்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விட்டுப்போன இடங்கள் தெரியும். அந்தச் சேலையைத் துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வளையம் வைத்த ஸ்லிங்கைத் தைத்துத் தரச் சொல்வதும் இப்போது நடக்கிறது. புது மண்டபத்துத் தையற்காரர்களின் கைநேர்த்தி ஊரறிந்தது, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பின்னும் அது மாறவில்லை. தையலில் குறை வராது, வளையத்தில்தான் வரும். பைக்கு மாட்டும் வளையம், திரைச்சீலை வளையம் எல்லாம் ஒட்டுப்போட்டவை. பாரம் ஏறினால் ஒட்டு விரியும். ஸ்லிங்குக்கென்றே ஒட்டில்லாமல் வார்த்த வளையங்கள் தனியாக விற்கின்றன. அதை வாங்கிக் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். கட்டிப் பழகுவதையும் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு, மெத்தைக்கு மேலே நின்று பழகுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்றைக்குப் பிள்ளை விலாங்குமீன். அன்று வேண்டாம்.

வெயில், அடுப்பு, வண்டி

சித்திரை, வைகாசியில் மதுரை எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லிங் துணியையும் ஓர் உடுப்பாகக் கணக்கிடுங்கள். உங்கள் உடம்புச் சூடும் பிள்ளைமேல்தான் இறங்கும். உள்ளே ஒரு மெல்லிய சட்டை போதும், சாக்ஸும் குல்லாவும் தேவையில்லை. உடம்பைச் சுற்றி மூன்று அடுக்காக வரும் பனியன் துணி ஸ்லிங்குகள் குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சரி. பிள்ளையின் சூட்டைக் கை காலில் பார்க்காமல் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். பிடரி கொதித்தால், முகம் சிவந்தால் உடனே வெளியே எடுங்கள். தாகமாக இருக்குமே என்று ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். தாய்ப்பாலே அதற்குத் தண்ணீர். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள்.

இரண்டு கையும் சும்மா இருக்கிறது என்பதற்காக அடுப்படிக்குப் போவதை நான் திட்டியே தீருவேன். கடுகு வெடிக்கும் தாளிப்புக் கரண்டிக்கும் பிள்ளையின் பாதத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காது. டீ டம்ளரும் அப்படித்தான். வாசலில் கோலம் போடுவதையும் நிறுத்தி வையுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் பிள்ளை மேல்வழியாகச் சரியும். கீழே எதையாவது எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்காருங்கள். கோயில் படிகளில் கைப்பிடி ஓரமாகவே இறங்குங்கள். பிள்ளை முன்னால் இருக்கும்போது உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது.

இரு சக்கர வண்டியில் ஸ்லிங் பாதுகாப்புக் கவசம் ஆகாது. விழுந்தால் பிள்ளைமேல் நீங்கள் விழுவீர்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தலைக்கவசம் மாட்டவும் முடியாது. ஆட்டோ பிடியுங்கள்.

நடக்கும் பிள்ளைகள்

தானாக உட்காரத் தொடங்கிய பிறகுதான் முதுகில் சுமக்கலாம். முதுகுச் சுமையின் சிக்கல், பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது என்பது. அழகர்கோயில் மலையில் பழமுதிர்சோலைக்கு ஏறும்போது என் இரண்டாமவன் கையில் வாழைப்பழம் இருந்ததை நான் அறியேன். குரங்கு அறிந்திருந்தது. பழம் போனதோடு தப்பித்தோம்.

ஒன்றரை, இரண்டு வயதில் 'தூக்கு' என்பான், தூக்கினால் 'இறக்கு' என்பான். இந்த வயதுக்கு வளைய ஸ்லிங்கை ஒக்கலில் கட்டுவதுதான் தோது. ஆனால் ஒரே பக்கம் கட்டிக்கொண்டே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பக்கத்தை மாற்றுங்கள், அல்லது அப்பாவிடம் கொடுங்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றவர்கள் தழும்பின்மேல் பட்டை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை இறங்கி ஓடிய பிறகு வெறும் ஸ்லிங்கை மாட்டிக்கொண்டே பஸ் ஏறுவோம், ஸ்கூட்டரின் பின்னால் உட்காருவோம். வளையத்திலிருந்து தொங்கும் துணியின் வால் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். முந்தானையை இடுப்பில் செருக மறக்காத நாம் அதை மறந்துவிடுகிறோம். ஏறுவதற்கு முன் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், சக்கரத்தில் சிக்கிவிடும்.