வீட்டு ப்ராக்ஸி அவ்வப்போது திணறுதா? எங்கே மாட்டுதுன்னு பிடிக்கும் வழி

வீட்டு மெஷின்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று பக்கங்களை வாங்கித் தரும் இடைத்தரகர்தான் ப்ராக்ஸி; அந்த வேலையைச் செய்யும் ஒரு மென்பொருள் ஸ்க்விட். அது ஒரேயடியாக நின்றுபோனால் கவலையில்லை, எழுப்பிவிடலாம். காலையெல்லாம் நன்றாக ஓடி, சாயங்காலம் ஏழு மணிக்குத் திணறி, நாம் போய் உட்காரும்போது ஒன்றுமே தெரியாத மாதிரி ஓடும் பாருங்கள், அதுதான் தலைவலி. மாடி, கீழ் வீடு, சித்தப்பா வீடு என்று ஒரே கனெக்‌ஷனில் ஓடும் பாளையங்கோட்டை வீடுகளில் இது சகஜம். "ஏல, நெட்டு சுத்திக்கிட்டே கெடக்கு"ன்னு மாடியிலிருந்து குரல் வந்ததும் முதலில் கை போகிற இடம் ரீஸ்டார்ட். அதை மட்டும் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் சரியாகிவிடும், காரணம் மட்டும் தெரியாமலே போய்விடும். திணறும்போதே சோதிக்க வேண்டும்.

படி 1: ப்ராக்ஸியா, லைனா?

திணறும் நேரத்தில் ஒரு போனில் மட்டும் வைஃபை செட்டிங்கில் ப்ராக்ஸியை எடுத்துவிட்டு அதே தளத்தைத் திறங்கள். அதிலும் சுற்றினால் ஸ்க்விட் மேல் பழி போடாதீர்கள். ரூட்டருக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) அடித்தே நேரம் ஏறி இறங்கினால் வைஃபைதான் சிக்கல். ரூட்டர் வரை சரி, வெளியேதான் இழுக்கிறது என்றால் லைன். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையோடு சேர்ந்து கம்பத்தில் தொங்கும் ஃபைபர் வயரும்தான் ஆடுகிறது. மோடத்தில் 'லாஸ்' (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மினுக்கினால் லைன்மேனைக் கூப்பிடுங்கள், மீதிப் படிகள் வேண்டாம்.

படி 2: லாக்கைப் படிப்பது

நேராகப் போனால் வேகம், ப்ராக்ஸி வழியாகத்தான் மந்தம் என்றால் ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக்கை, அதாவது யார் எதைக் கேட்டார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக இருப்பதால் மிரள வேண்டாம். இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம்: அந்த வேலைக்கு ஆன மில்லிவிநாடி. நான்காவது இடத்தில் விளைவு, ஐந்தாவதில் அளவு.

புதிதாகப் பார்ப்பவர்கள் மொத்தமாக ஏமாறுவது இங்கேதான். இரண்டாவது எண் 600000 என்று இருந்தால் பத்து நிமிஷம் தாமதம் என்று பதறிவிடுவார்கள். விளைவு 'டிசிபி டனல்' என்று இருக்கிறதா பாருங்கள். அது ஹெச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு. திறந்ததிலிருந்து மூடும்வரை ஆன மொத்த நேரம் அது. ஆச்சி பத்து நிமிஷம் யூடியூப் பார்த்தால் அந்த எண்தான் வரும். நாம் தேட வேண்டியது 'டிசிபி மிஸ்' (சேமிப்பில் இல்லாமல் வெளியே போய் எடுத்து வந்தவை) வரிகளில் அளவு சின்னதாக, நேரம் மட்டும் பெரிதாக இருப்பவை.

படி 3: 5000-ஐத் தேடுங்கள்

அந்தச் சின்ன வரிகளில் நேரம் 5000-க்கு, அதாவது 5 விநாடிக்கு, கொஞ்சம் மேலேயே நிற்கிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சர்வர்) மேல்தான். பட்டியலில் முதலில் இருக்கும் டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால், ஸ்க்விட் வழக்கமாக 5 விநாடி காத்திருந்து அடுத்ததைக் கேட்கும். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்வதால், அதே தளம் அடுத்த முறை சட்டென்று திறக்கும். ஞாபகக் காலம் முடிந்ததும் மறுபடி இழுக்கும். விட்டு விட்டு வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ப்ராக்ஸி மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொரு டிஎன்எஸ் முகவரியையும் 'என்எஸ்லுக்கப்' மூலம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பதில் தராததைத் தூக்கிவிடுங்கள்.

படி 4: பேராசைக் கேஷ்

பழைய கம்ப்யூட்டரில் 1 ஜிபி ராம். ஹார்டு டிஸ்க்கில் இடம் சும்மா கிடக்கிறதே என்று 50 ஜிபி கேஷ் (ஒருமுறை வந்ததை மறுபடி தருவதற்காகச் சேமித்து வைக்கும் இடம்) கொடுத்திருப்பார்கள். 64 பிட் மெஷினில் ஒவ்வொரு ஜிபி டிஸ்க் கேஷுக்கும் அட்டவணை வைக்க மட்டும் ஏறத்தாழ 14 எம்பி ராம் வேண்டும். 50 ஜிபி நிறைந்தால் 700 எம்பி அதற்கே போச்சு. ராமிலேயே சேமிக்க ஒதுக்கும் 'கேஷ் மெம்' அளவு இதற்கு மேல் தனி. ராம் தீர்ந்து ஸ்வாப்புக்கு (ராமுக்குப் பதில் மெதுவான டிஸ்க்கைப் பயன்படுத்துவது) போனதும் எல்லாம் நொண்டும். கேஷ் நிறைய நிறையத்தான் இது வரும் என்பதால், போட்ட புதிதில் நன்றாகத்தானே ஓடியது என்று தோன்றும்.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு 5 ஜிபி தாராளம். இன்றைக்கு வருவது பெரும்பாலும் ஹெச்டிடிபிஎஸ். சாதாரண அமைப்பில் ஸ்க்விட்டால் அதைச் சேமிக்கவே முடியாது. லினக்ஸ் பேக்கேஜ் மாதிரி சிலதுக்குத்தான் கேஷ் உதவும்.

படி 5: மிச்சம் மீதி

ஸ்க்விட் தன் எச்சரிக்கைகளை எழுதும் கேஷ் லாக்கில் 'ஃபைல் டிஸ்கிரிப்டர்' (திறந்திருக்கும் ஃபைல், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தரும் எண்) தீர்கிறது என்று வந்திருந்தால் அந்த வரம்பைக் கூட்டுங்கள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓட்டுபவர்கள் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுக்கூரைக்குக் கீழே, டிவி ஸ்டாண்டுக்குள் பூட்டி வைத்தால் அது என்னதான் செய்யும்?

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஸ்க்விட்டுக்கு 'பார்ஸ்' கட்டளை கொடுத்து செட்டிங் ஃபைலில் பிழை இருக்கிறதா பார்த்துவிட்டு, முழுதாக நிறுத்தாமலே புது செட்டிங்கை ஏற்க வைக்கும் 'ரீகான்ஃபிகர்' கொடுங்கள். முழுதாக நிறுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று ஸ்க்விட் 30 விநாடி வரை காத்திருந்துதான் நிற்கும். அதற்குள் மாடியிலிருந்து மறுபடி குரல் வந்துவிடும்.