எளிய வாழ்க்கைக்குத் திரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் இது ஈஸ்டருக்கு முந்தைய ஒரு லெந்து காலத்தில், அதாவது தவக்காலத்தில்தான் ஆரம்பித்தது. எல்லா வருஷமும் போல இறைச்சி வேண்டாம், டிவி வேண்டாம் என்று முடிவெடுத்தோம், அந்த நாட்களில் சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது, ஈஸ்டர் முடிந்த பிறகும் இப்படியே இருந்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார், நானும் சரி என்றேன். சாமான் குறைவாக, சாப்பாடு நம் ஊர்ச் சாப்பாடாக, தினமும் குடும்ப ஜெபம், ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே ஓய்வு. இவ்வளவுதான் எங்கள் எண்ணம். ஆனால் முதல் வருஷத்தில் நாங்கள் செய்த தவறுகளால் வீட்டில் முன்பு இருந்த நிம்மதியும் குறைந்துபோனது. இப்போது சபையில் இளம் குடும்பங்கள் இதே ஆசையோடு வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் செய்த தவறு, கடைக்குப் போனது. எளிமையாக வாழ முடிவெடுத்த முதல் மாதத்தில்தான் நாங்கள் அதிகமாகச் செலவு செய்தோம். மண்சட்டி நாலு, இரும்புத் தோசைக்கல், மரக்கரண்டி, கண்ணாடி ஜாடிகள், பருத்தித் துண்டு, மூங்கில் பல்துலக்கி என்று வந்து குவிந்தன. நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களையும் எவர்சில்வர் சாமான்களையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்று 1 தீமோத்தேயு 6-ல் வாசித்துவிட்டு நேரே சந்தைக்குப் போன மாதிரி ஆகிவிட்டது. இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். எவர்சில்வர் தட்டு முப்பது வருஷம் உழைக்கும், அதை ஒதுக்கிவிட்டு வேறு வாங்குவதில் எந்த எளிமையும் கிடையாது. ஒன்று உடைந்தால், கிழிந்தால், அப்போது நல்லதாக ஒன்று வாங்கினால் போதும்.

மண்சட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பழக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இரண்டு மூன்று நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சி இறக்கி, உள்ளே கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிய பிறகுதான் குழம்பு. எனக்குப் பொறுமை இல்லை, இரண்டாம் நாளே தீயைக் கூட்டி வைத்ததில் சட்டி விரிசல் விட்டுச் சாளைமீன் குழம்பு அப்படியே பர்னர் மேல் இறங்கியது. பளபளவென்று பெயிண்ட் அடித்த அலங்காரச் சட்டிகள் சமையலுக்கு ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் தவறு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இயற்கையாக வாழ்கிறோம் என்று பல வீடுகளில் சொல்லும்போது அதன் பொருள், அந்த வீட்டு அம்மாவுக்கு வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்பதுதான். பாக்கெட் மாவு வேண்டாம், சரி, யார் ஊறவைத்து ஆட்டுவது? கடை மசாலா வேண்டாம், யார் காயவைத்து வறுத்து மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது? பூந்திக்கொட்டையை உடைத்து ஊறவைத்துத் துணி துவைப்பது யார்? முடிவு குடும்பமாகக் கூடி எடுத்தது, வேலை மட்டும் ஒருத்தி தலையில். எங்கள் வீட்டிலும் அதேதான். ஒரு நாள் ராத்திரி நான் கேழ்வரகு முளைகட்டியதைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தேன், கூடத்தில் ஜெபத்துக்குப் பாய் விரித்தாயிற்று. சின்னவள் வந்து சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா வாங்க, பாட்டு ஆரம்பிக்கப் போறோம்" என்றாள். "நீங்க பாடுங்கம்மா, நான் இதோ வாரேன்" என்றேன். நான் கை கழுவிவிட்டுப் போகும்போது பாட்டும் முடிந்து வாசிப்பும் முடிந்து அவள் பாயிலேயே தூங்கியிருந்தாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வாசித்த பகுதி லூக்கா 10. தங்கை இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்க, வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளிடம் இயேசு சொன்னது. "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்." நான் அழுதேன். எதற்காக இதையெல்லாம் ஆரம்பித்தோமோ அந்த நேரமே என் கையைவிட்டுப் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம். வீட்டுக்குள் புதிதாக ஒரு பழக்கம் வர வேண்டும் என்றால் அதற்கான வேலையை யார் செய்வார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். செக்கு எண்ணெய் வேண்டும் என்றவர் என் வீட்டுக்காரர், அப்படியானால் மாதம் ஒரு தடவை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு செக்குக்குப் போவதும், வந்ததைத் தெளியவைத்து வடிகட்டுவதும் அவர் வேலை. மாவு ஆட்டுவது சனிக்கிழமை, கிரைண்டரில்தான், பெரியவன் பொறுப்பு. ஆட்டுரலுக்கு நாங்கள் போகவில்லை, போகவும் மாட்டோம், கிரைண்டர் மிச்சப்படுத்திக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம். பூந்திக்கொட்டையை விட்டுவிட்டோம். எதை விட வேண்டும் என்று தெரியாவிட்டால், சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் யார் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறார் என்று பாருங்கள், அவர் கையில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதைதான். ஓய்வுநாள் கட்டளையில் யாத்திராகமம் 20-ம் அதிகாரம் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன் வரைக்கும் பேர் சொல்லி ஓய்வு கொடுக்கிறது. நம் வீடுகளில் ஆராதனை முடிந்து வந்ததும் ஆண்கள் நாற்காலியில், பெண்கள் அடுப்படியில், மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரியாணி. இப்போது சனிக்கிழமை ராத்திரியே புளிக்குழம்போ மீன்குழம்போ வைத்துவிடுகிறோம், மறுநாள் சூடுபண்ணினால் அதன் ருசியே தனி. காலையில் சோறு மட்டும் வடித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறோம்.

அடுத்த தவறு, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அதையே நம் வீட்டில் செய்யப் பார்ப்பது. பண்ணை வீடு, புளித்த மாவு ரொட்டி, ஜாடி ஜாடியாகப் பழ ஜாம், வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கி, நம்மால் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதே இல்லை. ஜே.சி.குமரப்பாவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தஞ்சாவூரில் 1892-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காயர் ஆகி, அதையெல்லாம் விட்டுவிட்டுக் கதர் கட்டியவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம் என்று இன்றைக்கு நாம் ஆர்கானிக் கடையில் தேடுவதை அன்றைக்கே பேசியவர், சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியவர், கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்தவர். வாங்குகிற பொருள் எப்படி, யார் உழைப்பில் வந்தது என்பதில் வாங்குகிறவனுக்கும் பொறுப்பு இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கருப்பட்டி வாங்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

அதேபோல, பழைய காலம் எல்லாமே நன்றாக இருந்தது என்று நினைப்பதும் தவறு. என் அத்தை உடன்குடிப் பக்கம், பனையேறிக் குடும்பம். நான் ஒரு தடவை, "உங்க காலத்துல எவ்வளவு எளிமையா இருந்தீங்க அத்தை" என்று சொன்னபோது அவர்கள் முகம் மாறியது. "எங்களுக்கு இருந்தது அவ்வளவுதாம்மா, வேண்டாம்னு வச்சதில்ல" என்றார்கள். பதநீர்க் காலத்தில் விடியும் முன்னே ஏற ஆரம்பித்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை அத்தனை மரமும் ஏறி இறங்குகிற உழைப்பு, வெயிலில் நின்று பதநீர் காய்ச்சுகிற பெண்கள், மரத்திலிருந்து விழுந்தவர்களின் குடும்பங்கள். அந்த வாழ்க்கையின் ஓலைப்பெட்டியை மட்டும் வாங்கி வந்து அலமாரியில் அழகுக்கு வைத்து எளிமை என்று சொல்ல எனக்கு இப்போது மனசு வருவதில்லை. பெட்டி வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள், வாங்கியதைக் காய்கறிக்கோ துணிக்கோ தினமும் பயன்படுத்துங்கள்.

அப்புறம் மருத்துவம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு பிள்ளைகள் உயிரைத் தொடுகிறது. இயற்கையாக வாழ்கிறோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று தடுப்பூசியை நிறுத்தும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தட்டம்மை தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று, தயவுசெய்து போட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை நாக்கில் தேன் தடவாதீர்கள், சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும்தான். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை சிசுவின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும். பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள், நம் வீட்டு மாட்டுப் பாலே ஆனாலும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகும்.

உப்பையும் சொல்ல வேண்டும். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், பாக்கெட் உப்பு எதற்கு என்று சாதாரணக் கல்லுப்புக்கு மாறுகிறார்கள். அதில் அயோடின் போதுமான அளவுக்குக் கிடையாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, குறைந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். கருப்பட்டியும் அப்படித்தான். அது நல்ல பொருள், எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதுவும் சர்க்கரைதான். எங்கள் அத்தை கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது என்று நாளுக்கு மூன்று தம்ளர் குடித்து, சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

வைத்தியத்துக்குப் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நினைத்துப் பாருங்கள். 1921-ல் அதைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் இரண்டு பேருமே டாக்டர்கள். கதர் கட்டி எளிமையாக வாழ்ந்தபடியே ஆஸ்பத்திரி நடத்தினார்கள். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றுதான் சொல்கிறார்.

பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் அவசரப்பட்டோம். ஒரே வாரத்தில் பிஸ்கட், சிப்ஸ், செல்போன் விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, எது கேட்டாலும் ஒரு வசனத்தைப் பதிலாகச் சொன்னோம். பெரியவன் பக்கத்து வீட்டில் போய் ஒளித்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான். அவன் சட்டைப் பையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுத்த அன்றைக்கு அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று பிதாக்களுக்குச் சொன்னது தாய்மாருக்கும்தான். இப்போது வீட்டில் முறுக்கும் கடலைமிட்டாயும் எப்போதும் இருக்கும், பள்ளிக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஜெபத்தையும் சுருக்கிவிட்டோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் நடந்தபோது பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கினார்கள்.

உறவுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது கடை இனிப்பும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அந்த இடத்தில் உபதேசம் செய்யாதீர்கள். வாங்கி, பிரித்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டை வைத்து ஒருவரையொருவர் குற்றம் சொல்லாதீர்கள் என்று ரோமர் 14 இதைத்தான் பேசுகிறது. "பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது" என்ற நீதிமொழியில் சிநேகத்தை விட்டுவிட்டு இலைக்கறியை மட்டும் பிடித்துக்கொண்ட வீடுகள் உண்டு.

கிறிஸ்துமஸ், பிள்ளைகளுக்குச் சபையில் நடக்கும் திடப்படுத்தல் சடங்கு, கல்யாணம் என்று வட்டிக்கு வாங்கிச் செய்வதை நிறுத்தாமல் மண்சட்டியில் சமைத்துப் பயனில்லை, அதை நீளமாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மிச்சமாகிற பணம் எங்கே போகிறது என்பதைத்தான் நாங்கள் கடைசியாக யோசித்தோம், முதலில் யோசித்திருக்க வேண்டும். செலவு குறைந்ததும் அந்தப் பணம் வங்கியில் சேர ஆரம்பித்தது, எங்களுக்கும் அதில் ஒரு பெருமை. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது லேவியராகமம் 19. அத்தைதான் அவர்கள் வீட்டுப் பிடியரிசிப் பழக்கத்தைச் சொன்னார்கள், உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்களாம், பஞ்ச காலத்தில்கூட விட்டதில்லையாம். எங்கள் அடுப்படியில் அதற்கு ஒரு பழைய பால்பவுடர் டப்பா வைத்திருக்கிறோம். அரிசி களையும் நேரத்துக்குச் சின்னவள் ஓடிவந்துவிடுவாள். அவள் கைக்கு ஒரு பிடி மிகவும் கொஞ்சம் என்று நான் இன்னொரு பிடி போடப் போனால் விடமாட்டாள், அவளே இரண்டு கையையும் சேர்த்து அள்ளிப் போடுகிறாள். மாதக் கடைசியில் எங்கள் தெருமுனையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம்.