போலீஸ் சோதனைத் தரவைப் படிப்பது எப்படி: ஓக்லாந்து தரும் பாடம்

காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையிலான உறவைத் தரவைக் கொண்டு சீர்செய்ய விரும்புவோர், குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கும் மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டாம். பழைய பதிவுகளைக் கற்றுக்கொண்ட மென்பொருள், போலீஸார் ஏற்கெனவே அடிக்கடி சென்ற தெருக்களுக்கே அவர்களைத் திரும்பவும் அனுப்பும். முதலில் ஆராய வேண்டியவை காவலர்களின் செயல்களே. அதற்கு ஏற்றவை, சாலையில் மக்களை நிறுத்தி விசாரிக்கும் சோதனைகளின் பதிவுகள்.

ஒவ்வொரு சோதனைக்கும் நேரம், இடம், காரணம், உடைமைகளைச் சோதித்தார்களா, என்ன கிடைத்தது, கைவிலங்கு இட்டார்களா என்பவற்றைக் குறிக்கச் செய்யுங்கள். நிறுத்தப்பட்டவர் எந்த இனத்தவராகக் காவலருக்குத் தோன்றினார் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாரபட்சம் அந்தத் தோற்றத்தைப் பற்றிக்கொண்டே செயல்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது.

கணக்கிடும்போது நிதானம் தேவை. அதே மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் 2013-14இல் நடந்த 28,119 சோதனைகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, நகர மக்கள்தொகையில் 28 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்டவர்களில் 60 விழுக்காடாக இருந்தனர். இந்த ஒப்பீடு மட்டும் பாரபட்சத்தை நிறுவிவிடாது. அந்தந்தப் பகுதியின் குற்ற அளவையும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாலை ஏழு மணி கோடையில் வெளிச்சமாகவும் குளிர்காலத்தில் இருட்டாகவும் இருப்பதால், அந்த ஒரே நேரத்துச் சோதனைகளை ஒப்பிடுவது மிக நல்ல வழி: ஓட்டுநரின் முகம் தெரியாத இருட்டில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தால், நிறம் பார்த்தே நிறுத்துகிறார்கள் என்று ஐயுற வலுவான காரணம் உண்டு. நிறுத்திய பிறகு நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். அதே ஆய்வில், கைது செய்யப்படாதவர்களிலேயே கறுப்பின ஆண்களில் நால்வரில் ஒருவருக்குக் கைவிலங்கு இடப்பட்டது. வெள்ளையின ஆண்களில் அது 15 பேரில் ஒருவருக்குத்தான். எனக்கு நெஞ்சில் தைப்பது இந்த எண்தான், ஏனெனில் குற்றமற்றவராக வீடு திரும்பிய ஒருவர் அந்த அவமானத்தை எளிதில் மறப்பதில்லை.

காவலர் அணியும் கேமராப் பதிவுகளையும் இப்படியே பயன்படுத்தலாம். 981 வாகனச் சோதனைகளின் உரையாடல்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, வெள்ளையினத்தவரிடம் பேசியதைவிடக் கறுப்பின ஓட்டுநர்களிடம் காவலர்கள் மரியாதை குறைவாகப் பேசினர் என்று காட்டியது. பயிற்சி வகுப்பில் இதைவிடப் பயனுள்ள பாடம் அரிது.

கண்டறிந்ததைப் படிவத்திலேயே மாற்றமாகக் கொண்டுவாருங்கள். ஓக்லாந்தில், இவரைக் குறிப்பிட்ட குற்றத்தோடு இணைக்கும் முன்தகவல் உண்டா என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தார்கள். 2017இல் ஏறத்தாழ 32,000ஆக இருந்த சோதனைகள் மறு ஆண்டில் சுமார் 19,000ஆயின. கறுப்பினத்தவரை நிறுத்துவது 43 விழுக்காடு குறைந்தது, நகரத்தில் குற்றமும் கூடவில்லை. காரணம் எழுத வேண்டும் என்று தெரிந்தாலே கை சற்றுத் தயங்கும்.

பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டுத் தரவைப் பொதுவில் வையுங்கள். மக்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, பாதகமான எண்களையும் மறைக்காமல், அப்பகுதியினர் பேசும் மொழிகளில் அச்சிட்டுக் கொடுங்கள். ஓக்லாந்து போன்ற ஊரில் ஸ்பானியத்திலும் சீனத்திலும் அது இருக்க வேண்டும்.