ரெஜெக்ஸ் தேடி மாற்றும்போது சொதப்பும் இடங்கள்: எடிட்டர் ஸ்கிரிப்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெஜெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடச் சொல்லும் குறிமொழி) கொண்டு தேடி மாற்றும் ஸ்கிரிப்ட் ஓடி முடிகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. கோப்பைத் திறந்தால் ஒன்றுமே மாறவில்லை, அல்லது மாறக்கூடாதது மாறிக் கிடக்கிறது. உடனே கை பேட்டர்னுக்கு, அதாவது தேட எழுதிய ரெஜெக்ஸுக்குப் போகும். அங்கே ஒரு கேள்விக்குறி, இங்கே ஒரு பேக்ஸ்லாஷ் என்று குத்துமதிப்பாகத் தட்டிப் பார்ப்போம். முதல் தவறு அதுதான். தேடுவது ஒரு வேலை, மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் பிரிக்காமல் பிழையைப் பிடிக்க முடியாது.

அதனால் முதலில் எதையும் மாற்றாமல் எண்ணிப் பாருங்கள். விம் எடிட்டரில் மாற்றும் கட்டளையின் கடைசியில் ஜி (g), என் (n) என்ற இரு கொடிகளையும் (கட்டளை நடக்கும் விதத்தை மாற்றும் குறிகள்) சேர்த்தால், கோப்பைத் தொடாமல் எத்தனை இடங்கள், எத்தனை வரிகள் என்று மட்டும் சொல்லும். பைத்தானில் பொருந்தியதை எல்லாம் பட்டியலாக எடுத்து அச்சிடலாம். எண்ணிக்கை 0 என்றால் கோளாறு தேடும் பக்கம். எதிர்பார்த்த எண்ணிக்கையே வந்தும் விளைவு தப்பாக இருந்தால் மாற்றும் பக்கம்.

0 வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஓர் என்ஜினுக்கு (ரெஜெக்ஸைப் படித்துத் தேடும் நிரல்) எழுதியதை இன்னொன்றில் ஒட்டுவது. இந்த 8 குறிகளைப் பாருங்கள்:

([0-9]+)

பைத்தானிலும் விஎஸ் கோட் எடிட்டரிலும் இது ஓர் எண்ணைப் பிடித்துக் குழு 1-இல் (முதல் அடைப்புக்குறி பிடித்ததைப் பின்னால் எடுத்தாள்வதற்கான இடம்) வைக்கும். ஈமாக்ஸ் எடிட்டரில் வெற்று அடைப்புக்குறி வெறும் எழுத்து. ஆகவே (27) என்று அடைப்புக்குறியோடு இருப்பதைத்தான் தேடும். விம்மின் இயல்பு நிலையிலும், நீட்டித்த ரெஜெக்ஸைக் கேட்காமல் ஓடும் செட் (sed) என்ற உரை மாற்றும் கட்டளையிலும் கூட்டல் குறியும் வெறும் எழுத்தாகிவிடும்; (7+) என்று அப்படியே எழுதியிருந்தால்தான் பொருந்தும். விம்மில் இதையே \([0-9]\+\) என்று எழுத வேண்டும்.

இதற்கு மேல் ஸ்கிரிப்ட் மொழியின் சரம் (மேற்கோளுக்குள் எழுதும் உரை) ஒரு சுற்று பேக்ஸ்லாஷைத் தின்கிறது. ஈமாக்ஸ் லிஸ்ப்பில் குழுவைத் திறக்க \\( வேண்டும்; கோப்பில் உள்ள ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட நான்கு போட வேண்டும். பைத்தானில் ரா ஸ்ட்ரிங் (பேக்ஸ்லாஷை அப்படியே விடும் சரம்) இல்லாமல் "\1" என்று எழுதினால் அது குழு அல்ல, குறியெண் 1 கொண்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்து. சந்தேகம் வந்தால் பேட்டர்னை வைத்திருக்கும் மாறியை அச்சிட்டு, என்ஜினுக்கு உண்மையில் என்ன போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

மாற்றும் பக்கத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. விம், செட், ஈமாக்ஸில் குழுவை \1 என்று அழைக்கிறோம். விஎஸ் கோடில் $1. மாற்றிப் போட்டால் எந்த எடிட்டரும் புகார் சொல்லாது, அந்தக் குறியையே கோப்பில் எழுதிவிடும். எண்ணுக்குப் பின் ஒரு 0 சேர்க்க \10 என்று எழுதினால், விம்மும் செட்டும் குழு 1, பிறகு 0 என்று சரியாகப் படிக்கும். பைத்தான் குழு 10-ஐத் தேடிப் பிழை தரும். விம்மிலும் செட்டிலும் & என்றால் பொருந்திய பகுதி முழுவதும்; வெறும் & வேண்டுமென்றால் \& போடுங்கள்.

பைத்தானில் ஆளை அசத்தும் தவறு ஒன்று: மாற்றும் செயல்கூற்றில் நான்காவது இடம் கொடிக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. பெரிய, சின்ன எழுத்தைப் பாராதே என்ற கொடியை அங்கே போட்டால், அதன் எண்மதிப்பு 2 என்பதால் முதல் 2 இடங்கள் மட்டும் மாறும். கொடியும் வேலை செய்யாது. சிறிய சோதனைக் கோப்பில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் இதன் விஷமம். கொடியை எப்போதும் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

தமிழ் உரையில் வரும் கோளாறு தனி ரகம். ‘கல்’ என்ற தனிச்சொல்லை மட்டும் மாற்ற, இருபுறமும் பேக்ஸ்லாஷ்-பி என்ற சொல்லெல்லைக் குறியைப் போடுகிறீர்கள். பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் சொல்லின் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘கல் விழுந்தது’ என்பதில் புள்ளி, இடைவெளி இரண்டுமே சொல்லுக்கு வெளியே இருப்பதால் எல்லையே இல்லை; பொருந்தாது. ‘கல்வி’யிலோ புள்ளிக்கு அடுத்து வ வருவதால் அங்கே எல்லை இருக்கிறது, பொருந்திவிடும். கேட்டதற்கு நேர் எதிர்! ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எழுத்து எதுவுமே சொல்லில் சேராது என்பதால் இரண்டும் பொருந்தாது. வரிவரியாகப் படிக்கும் ஸ்கிரிப்ட்டில் எல்லையை நாமே எழுதிக்கொள்வதே மேல்:

(?<![^ ,.])கல்(?![^ ,.\n])

முன்னும் பின்னும் இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்லாத எதுவும் இருக்கக்கூடாது என்று பொருள். வரியின் தொடக்கமும் முடிவும் தானாகவே அடங்கிவிடும். இதே காரணத்தால் [கி] என்பது ஓர் எழுத்தைத் தேடாது. க, இகரக் குறி இரண்டில் ஏதாவது ஒன்றைத் தேடும். ஒகரக் குறி வேறு, சில கோப்புகளில் ஒரே குறியெண்ணாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடும் முன் உரையை என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் உண்டு. கோப்பின் தலையில் குறியெண் 65279 உட்கார்ந்திருந்தால் வரித் தொடக்கத்தைக் குறிக்கும் ^ முதல் வரியில் மட்டும் ஏமாற்றும். விண்டோஸ் வரிமுடிவுள்ள கோப்பை அப்படியே படித்தால் (.+)$ என்பது வரிக்கடைசியின் 13-ஆம் குறியையும் சேர்த்து விழுங்கும்; பின்னால் ஒட்டிய சொல் அடுத்த வரிக்குத் தாவியதுபோலத் தெரியும்.

மேற்கோளுக்குள் இருப்பதைப் பிடிக்க ".*" எழுதினால், வரியின் முதல் மேற்கோளிலிருந்து கடைசி மேற்கோள் வரை அள்ளிக்கொண்டு போகும். "[^"]*" போதும், குறைவாகப் பிடி என்று சொல்லும் வசதியே இல்லாத செட்டிலும் அது ஓடும்.

ஸ்கிரிப்ட் உறைந்து நின்றால் பின்வாங்கித் தேடுதலை (பொருந்தாதபோது பின்னே போய் மறுபடி மறுபடி முயல்வதை) சந்தேகியுங்கள். 2016 ஜூலை 20-இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரிக்கடைசி இடைவெளிகளை நீக்கும் எளிய பேட்டர்ன்தான் காரணம். சுமார் 20,000 இடைவெளிகளுக்குப் பின் வேறோர் எழுத்து வந்த வரியில், என்ஜின் ஒவ்வோர் இடைவெளியிலும் புதிதாகத் தொடங்கித் தோற்றது: 20,000, பிறகு 19,999, பிறகு 19,998 என்று சுமார் 20 கோடி ஒப்பீடுகள். ஓரத்து இடைவெளியை வெட்ட மொழியிலேயே உள்ள வசதி போதும், ரெஜெக்ஸ் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை: நகல் கோப்பில் ஸ்கிரிப்ட்டை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை மாற்ற எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி சேர்க்க வெறும் , என்று தேடினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் இடைவெளி கூடும், 1,000 என்ற எண்ணும் உடையும். ,(?![ 0-9\n]) என்று தேடினால் இரண்டும் நடக்காது.