தேய்ந்துபோன ரோமானிய வெண்கலக் காசைப் படிப்பது எப்படி?

முதல் வேலை, புளி போட்டுத் தேய்க்காமல் இருப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. 1,700 வருடத்துக் காசில் பச்சைக் களிம்போடு உருவமும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் மண்ணை மட்டும் எடுங்கள். அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் முகமே தெரியும்.

அடுத்து தலைப் பக்கம். முதல் இரண்டு நூற்றாண்டுக் காசென்றால் பேரரசர் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கதிர்க் கிரீடம் இருந்தால் அநேகமாக துப்போந்தியஸ் என்ற காசு. இலை மாலையோ வெறுந்தலையோ இருந்து, காசும் அதே அளவில் இருந்தால் ஆஸ் என்ற காசு, அதாவது துப்போந்தியஸில் பாதி மதிப்பு.

இப்போது திருப்புங்கள். எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், உருவத்தின் கையைப் பாருங்கள். வேலைப் பார்த்ததும் முருகன் என்கிறோமே, அதே கணக்குதான். சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்ட தேவி பார்ச்சூனா, பாம்புக்கு உணவூட்டினால் ஆரோக்கிய தேவி சாலுஸ், இறக்கையோடு மாலையை நீட்டினால் வெற்றி தேவி விக்டோரியா. தராசில் மட்டும் ஏமாறாதீர்கள்: நியாயத்தின் தேவி ஈக்விடாஸ், நாணயத்தின் தேவி மொனெட்டா இருவருமே தராசும் பழம் வழியும் கொம்பும் ஏந்தியிருப்பார்கள். அங்கே எழுத்துதான் கதி.

பழகுவதற்கு எனக்குப் பிடித்தது பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330 வாக்கில் வெளியிட்ட ‘உர்ப்ஸ் ரோமா’ (ரோம் நகரம்) காசு. நகம் அளவுதான் இருக்கும். முன்பக்கம் பேரரசர் இல்லை. தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. பின்பக்கம் பெண் ஓநாய் தலையைத் திருப்பி, பால் குடிக்கும் ரோமுலஸையும் ரீமஸையும், அதாவது ரோமின் தோற்றக் கதையில் வரும் இரட்டைக் குழந்தைகளை, பார்க்கிறது. மேலே இரண்டு நட்சத்திரங்கள். அவை கேஸ்டர், பொல்லக்ஸ் என்ற வேறு புராண இரட்டையரைக் குறிப்பவை என்பார்கள். கான்ஸ்டான்டினோபிள் என்ற புதுத் தலைநகரைக் கட்டியவர் பழைய நகரத்தையும் கைவிடவில்லை. புது நகரத்துக்கும் ஒரு காசு உண்டு: கப்பல் முனையில் நிற்கும் விக்டோரியா.

கடைசியாக, ஓநாயின் காலுக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். அதற்கும் கீழே உள்ள எழுத்துகள் காசு அடித்த அக்கசாலை எந்த ஊரில் இருந்தது என்று சொல்லும். ‘டிஆர்’ (TR) என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர், ‘எஸ்ஐஎஸ்’ (SIS) என்றால் இன்றைய குரோஷியாவில் இருந்த சிஸ்கியா.

4, 5ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றிலும் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் ஏராளம். இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த காசுகளும் உண்டு. அவற்றில் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகக் கிடக்கும். அங்கே கடைசிப் படி உதவாது, மறுபடி உருவத்துக்கே வாருங்கள்.