நாக்கு அரிக்காமல் பிரண்டைத் துவையல் அரைப்பது எப்படி

பிரண்டை என்றாலே "ஐயோ, நாக்கு அரிக்கும்" என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். அரிப்பு உண்மைதான், தண்டுக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது. ஆனால் இளசாகப் பறித்து நல்லெண்ணெயில் பொறுமையாக வதக்கினால் சின்னப் பிள்ளைகள்கூட சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள்.

மதுரையைச் சுற்றி இதற்குப் பஞ்சமே இல்லை. நாகமலை அடிவாரம், அழகர்கோவில் பக்கத்துத் தோட்ட வேலி என்று கள்ளி மேலும் முள்மரத்து மேலும் ஏறிக் கிடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் புதுத் தளிர் விடும். ரோட்டோரத்துப் புகையில் நிற்பதைத் தொடாதீர்கள். நாலு கணு உள்ள துண்டைத் தொட்டியில் ஊன்றினாலே மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும், தண்ணீர்கூட அதிகம் கேட்காது. அதுவும் முடியாதென்றால் கீரைக்கார அம்மாவிடம் முதல் நாளே "இளசா வேணும்மா" என்று சொல்லி வையுங்கள்.

பறிப்பது நுனியிலிருந்து 3, 4 கணு வரைதான். டக்கென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல், அது வேண்டாம். இப்போது கையில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், விரல் இடுக்கு உட்பட. கணு, இலை, சுருள் எல்லாவற்றையும் கிள்ளி எறிந்துவிட்டு, தண்டின் நாலு ஓரத்திலும் இருக்கும் நாரை முருங்கைக்காய்க்கு உரிப்பது போல உரித்து, அலசி, சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள்.

இரண்டு கைப்பிடி துண்டுக்கு 4 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் 2 ஸ்பூன் உளுந்தம்பருப்பு, 6 வரமிளகாய், கொஞ்சம் பெருங்காயம் வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பிரண்டையைப் போட்டுச் சிறுதீயில் வதக்குங்கள். போட்டதும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும், பிறகு நீர் விடும், அந்த நீர் வற்றிப் பச்சை மங்கி, பாதியாகச் சுருங்கி, ஓரம் பழுப்பாகும் வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். பச்சை வாசம் துளி இருந்தாலும் தொண்டை காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் நெல்லிக்காயளவு புளி, உப்பு. ஆறவிட்டு, முடிந்தால் அம்மியில், தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தேங்காய் சேர்க்காவிட்டால் ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும்.

பசி எடுக்காதவர்களுக்கும் வயிறு உப்பிக் கிடப்பவர்களுக்கும் இதைத்தான் நம் வீடுகளில் கொடுப்பார்கள், மூலத்துக்கும் மாதவிலக்கு வலிக்கும் சொல்வதுண்டு. சித்த மருத்துவத்தில் வச்சிரவல்லி என்று பெயர், எலும்புக்கு உரம் என்பார்கள். அதற்காகக் கையொடிந்தவருக்குத் துவையல் அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது, முதலில் எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போடுங்கள், துவையல் அப்புறம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி எடுப்பதென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லி யாராவது வீடியோ போட்டால் நம்பவே நம்பாதீர்கள்.

திதிச் சமையலில் இதற்குத் தனி மரியாதை: பாகற்காய் 100 காய்க்குச் சமம், பிரண்டை 300, பலாக்காய் 600 என்று ஒரு கணக்கு உண்டு. அப்பள மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைகிற பழைய வழக்கமும் இருக்கிறது.

நிறையக் கிடைத்தால் வற்றல் போட்டுவிடுங்கள். சுத்தம் செய்த துண்டுகளை உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பகலில் மோரைப் பிழிந்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும் வரை இப்படியே செய்து, அப்புறம் சுக்காகக் காய்ந்ததும் டப்பாவில் அடைத்துவிடலாம். ரசம் சோற்றுக்கு நாலு துண்டு பொரித்தால் போதும், எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு உடனே எடுத்துவிடுங்கள், கருகினால் கசந்துவிடும்.