சோற்றுக் கிண்ணத்துக்கு எதிரே செல்போன்: இளம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் பணி. முதல் பிள்ளையோடு வரும் பெற்றோர், தங்களுக்கு முன்பு வந்தவர்கள் செய்த தவறுகளையே மீண்டும் செய்துவிட்டு வருவதைக் கண்டு இதை எழுதுகிறேன். இருட்டில் பார்க்கக் கூடாது, கண்ணருகே வைக்கக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுதல்

இத்தனை பேரிடம் சொல்லியும் ஓயாமல், இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டரை வயதுப் பேரனுடன் வந்த பாட்டி ஒருவர், “போனைக் காட்டினாத்தான் சார் வாயையே தொறக்குறான்” என்றார். கொண்டுவந்திருந்த பருப்புச் சாதத்தை ஊட்டிக் காட்டச் சொன்னேன். பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். பாட்டி தண்ணீர் கொடுத்து அதை உள்ளே இறக்கினார். கிண்ணம் காலியாகும்வரை அவன் பாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டியும் ஒரு சொல் பேசவில்லை.

திரையில் லயித்த பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. மென்று விழுங்க மறப்பதால் புரையேறும் ஆபத்தும் உண்டு. அவற்றினும் பெரிய இழப்பு பேச்சுதான். பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கையிலுள்ள பொருளின் பெயரைச் சொல்லி, பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், வேலை நிறைந்த வீட்டில் சாப்பாட்டு வேளையைத் தவிர வேறெப்போதும் உறுதியாகக் கிடைப்பதில்லை. ‘சூடு’, ‘ஊது’, ‘இன்னும்’, ‘போதும்’ ஆகிய சொற்களைப் பிள்ளை அங்கேதான் கற்கிறது. கார்ட்டூன் எவ்வளவு பேசினாலும், பிள்ளை ‘ம்’ என்றதற்கு நின்று பதில் சொல்லாது.

முதலில் காலை வேளையை மட்டும் மாற்றுங்கள். இட்லியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒருவர் உடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். பட்டினி கிடக்கிறதே என்று நடுவில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்தால் அடுத்த வேளையும் பசிக்காது. சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடும். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாத்தா செல்போனில் செய்தி பார்த்தபடி சாப்பிடும் வீட்டில் இது நடக்காது.

வாய்க்காலுக்கு அஞ்சிச் செல்போன் கொடுத்தல்

மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், குறுவை நடவுக்குப் போகும் தாய்மார்கள், பிள்ளை கரைப்பக்கம் போகாதிருக்கச் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் தண்ணீரிலிருந்து பிள்ளையைக் காப்பவை வாசலில் கட்டிய படலும் பார்த்துக்கொள்ளும் ஆளும்தான்; சார்ஜ் தீர்ந்தால் பிள்ளை வாசலுக்குத்தான் போகும். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது; ஒரு வயதுப் பிள்ளைக்கு அறவே வேண்டாம் என்றது. நடவு நாளில் அந்த ஒரு மணி நேரம் காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

வெளிநாட்டிலுள்ள அப்பாவின் அழைப்பையும் தடுத்தல்

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் தந்தை வீடியோ காலில் பிள்ளைக்குப் பதில் பேசுகிறார். அதைத் தடுக்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே கூடாதென்னும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும், உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு விலக்கு அளிக்கிறது.

படுக்கையில் செல்போன்

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

வீட்டுப்பாடத்துக்குப் பரிசு

செல்போனைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

பழியைச் செல்போன் மேல் போட்டுக் காத்திருத்தல்

இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு, செல்போனை நிறுத்தினால் பேச்சு வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம். வேறு வளர்ச்சிக் குறைபாடும் இருக்கலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது பிள்ளையைக் காட்டிப் பேச்சுத் தாமதத்தைச் சொன்னால், மேற்பரிசோதனைக்கு எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர்களே எழுதித் தருவார்கள்.